1.6 விநாடி: பிரிட்டனின் முதல் சலூன் கார் சாம்பியனைத் தீர்மானித்த இரண்டு ரைலிகள்

1958 அக்டோபர். லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் பகுதியில் இருக்கும் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடம். சலூன் கார் என்றால் கூரை மூடிய சாதாரணக் குடும்பக் கார். அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்த பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப் முடிவுக்கு வந்தபோது, முதலிடத்தில் இரண்டு பேர் ஒரே புள்ளியோடு நின்றார்கள். ஒருவர் ஆஸ்டின் ஏ105 வெஸ்ட்மின்ஸ்டர் ஓட்டிய ஜாக் சியர்ஸ். மற்றவர் ஜாகுவார் 3.4 ஓட்டிய டாமி சாப்வித். பட்டம் ஒன்று, ஆள் இரண்டு.

நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிடலாம் என்பதுதான் முதலில் வந்த யோசனை. இருவருக்கும் அது பிடிக்கவில்லை. ஒரு பருவம் முழுக்க ஓட்டிச் சேர்த்ததைப் பூவா தலையா பார்த்து யாரிடம் கொடுப்பது? கடைசியில் வேறொரு வழி பிறந்தது. ஒரே மாதிரியான இரண்டு ரைலி 1.5 கார்கள். ஐந்து சுற்று ஒரு பந்தயம். முடிந்ததும் இருவரும் கார்களை மாற்றிக்கொண்டு மறுபடி ஐந்து சுற்று. இரண்டு பந்தயங்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்குப் பட்டம். நல்ல மழை. தடம் முழுக்க ஈரம். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, ஜாக் சியர்ஸ் 1.6 விநாடி வித்தியாசத்தில் பிரிட்டனின் முதல் சலூன் கார் சாம்பியன் ஆனார்.

பழைய கார் பந்தயங்கள் மேல் மக்களுக்கு இன்றும் இருக்கும் ஏக்கத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் பத்துச் சுற்றுக் கதையைத்தான். வீட்டு வாசலில் நிற்கும் காரே தடத்திலும் ஓடியதால்தான் அந்தக் காலத்துப் பந்தயம் பார்த்தவர்கள் மனதில் அப்படி ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து. அதை 1958-ஐவிடத் தெளிவாகக் காட்டும் வேறு நிகழ்வு எனக்குத் தெரியாது.

இரண்டு பேர்

ஜாக் சியர்ஸ் 1930-ல் நார்தாம்டனில் பிறந்தவர். குடும்பத்துக்குக் காலணித் தொழில். ட்ரூ-ஃபார்ம் என்ற பெயர் அன்றைய பிரிட்டனில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அப்பா ஸ்டான்லி சியர்ஸ் பழைய கார்களைத் தேடிச் சேர்த்தவர். பழைய காரைப் போற்றிப் பாதுகாப்பதும் புதுக் காரை விரட்டி ஓட்டுவதும் ஒரே வீட்டில் இருந்தன. ஜாக் பந்தய வீரர் என்பதோடு நார்ஃபோக்கில் நிலம் வைத்துப் பயிர் செய்த விவசாயி. 'ஜென்டில்மேன் ஜாக்' என்று பந்தய உலகம் அவரை அழைத்தது. தடத்தில் ஒருவரை இடித்துத் தள்ளி முன்னே போகும் ஆளாக அவரை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

டாமி சாப்வித் வேறு மாதிரிக் குடும்பம். அப்பா சர் தாமஸ் சாப்வித், முதல் உலகப் போரில் புகழ்பெற்ற சாப்வித் கேமல் போர் விமானத்தைத் தயாரித்தவர். அவரே அமெரிக்கக் கோப்பைக்காக 'எண்டெவர்' என்ற பந்தயப் பாய்க்கப்பலையும் ஓட்டினார். அந்தப் பெயரைத்தான் மகன் தன் கார் அணிக்கு வைத்தார்: எக்கிப் எண்டெவர். 1958-ல் டாமிக்கு வயது 25.

இரண்டு பேருமே வசதியான வீட்டுப் பிள்ளைகள். அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய பந்தயங்களைப் பற்றிப் பேசும்போது 'அப்போது சாமானியர்கள் ஓட்டினார்கள்' என்று எழுதுபவர்கள் உண்டு. ஓட்டியவர்கள் சாமானியர்களாக இருந்தது குறைவு. ஓட்டிய கார் சாமானியமாக இருந்தது என்பதே சரி. அந்த வித்தியாசம் முக்கியம்.

இரண்டு கார்

ஆஸ்டின் ஏ105 என்பது ஆறு சிலிண்டர், 2,639 சிசி, சுமார் 100 குதிரைத்திறன் கொண்ட பெரிய குடும்பக் கார். நான்கு கதவு, பெரிய டிக்கி, இரண்டு வண்ணப் பெயின்ட். வங்கி மேலாளரோ மருத்துவரோ வாங்கும் வண்டி. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். வேகமாக ஒரு வளைவில் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, உள்பக்கப் பின்சக்கரம் தரையை விடப் பார்க்கும்.

ஜாகுவார் 3.4, 1957-ல்தான் வெளிவந்த புது வண்டி. 3,442 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட் ஆறு சிலிண்டர் இன்ஜின். நிறுவனம் சொன்ன கணக்கில் 210 குதிரைத்திறன். ஜாகுவாரின் லெ மான்ஸ் பந்தயக் கார்களில் இருந்த அதே இன்ஜின் குடும்பம். டிஸ்க் பிரேக்கும் பொருத்திக்கொள்ளலாம். ஆனாலும் உள்ளே மரப் பலகை டாஷ்போர்டும் தோல் இருக்கையும் உண்டு. பின் சீட்டில் குழந்தைகளை உட்காரவைத்து ஊருக்கும் போகலாம்.

நேருக்கு நேர் ஓடினால் ஜாகுவார் முன்னால் போய்விடும். அப்படியென்றால் இருவரும் எப்படிச் சமமாக வந்தார்கள்?

பதில் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. சாம்பியன்ஷிப்பை நடத்தியவர்கள் கார்களை இன்ஜின் அளவைப் பொறுத்து நான்கு பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். எல்லாப் பிரிவும் ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் புள்ளி, தன் பிரிவுக்குள் எத்தனையாவதாக வந்தார் என்பதைப் பொறுத்தே கிடைக்கும். ஒட்டுமொத்தத்தில் பின்னால் முடித்தவரும் தன் பிரிவில் முதல்வராக இருந்தால், பந்தயத்தையே வென்றவருக்குக் கிடைக்கும் அதே புள்ளியைப் பெறுவார். சாப்வித் பெரிய கார்கள் பிரிவில் வென்றுகொண்டே வந்தார். அதற்குக் கீழ்ப் பிரிவில் சியர்ஸ் வென்றுகொண்டே வந்தார். அவரவர் பிரிவில் இருவரும் முன்னணியிலேயே இருந்தால் கடைசியில் சமமாகத்தான் முடியும்.

இந்த முறை நியாயமா? சாப்வித் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். முதலில் கோட்டைத் தாண்டுவது அவர்; கைதட்டல் அவருக்கு; ஆனால் புள்ளி அட்டவணையில் எங்கோ பின்னால் முடித்த ஒருவர் அவரோடு சமமாக நிற்கிறார். சியர்ஸ் பக்கம் நின்று பார்த்தால், பணம் போட்டுப் பெரிய இன்ஜின் வாங்கியவருக்கு மட்டும் பட்டம் என்றால் மற்றவர்கள் எதற்காக ஓட்ட வேண்டும்? நான் இரண்டாவது கட்சி. இந்தப் பிரிவு முறை இருந்ததால்தான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குச் சின்னக் கார்கள் பெரிய கார்களுக்கு நடுவே புகுந்து பட்டம் வாங்கின. 1961-ல் ஜான் விட்மோர் மினியில் வென்றார். மறு ஆண்டு ஜான் லவ் மினி கூப்பரில். 1970, 1971, 1972 மூன்று ஆண்டும் பில் மெக்கவர்ன் ஓட்டிய, ஒரு லிட்டருக்கும் குறைந்த இன்ஜின் கொண்ட சன்பீம் இம்ப். ஒரு லிட்டர் வண்டி மூன்று முறை தொடர்ந்து தேசியப் பட்டம் வாங்கியது என்பதை இன்றைய பந்தய ரசிகரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

இருந்தாலும் பிரிவு முறை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. இவர்களில் யார் நன்றாக ஓட்டுபவர்? காரைக் கழித்துவிட்டு ஆளை மட்டும் அளப்பது எப்படி? பிராண்ட்ஸ் ஹாட்சில் அன்று செய்தது அதைத்தான்.

ரைலி 1.5 என்ற அளவுகோல்

அந்த இரண்டு ரைலிகளும் பி.எம்.சி. நிறுவனத்தின் போட்டிப் பிரிவுக்குச் சொந்தமானவை. அபிங்டனில் மார்க்கஸ் சேம்பர்ஸ் மேற்பார்வையில் அந்தப் பிரிவு இயங்கியது. ஆஸ்டின் நிறுவனமும் மோரிஸ், ரைலி போன்றவற்றை வைத்திருந்த நஃபீல்டும் 1952-ல் இணைந்து உருவானதுதான் பி.எம்.சி. அதாவது, சியர்ஸ் பருவம் முழுக்க ஓட்டிய ஆஸ்டினும் இந்த ரைலியும் ஒரே நிறுவனத்தின் வண்டிகள். சாப்வித்தின் ஜாகுவாருக்கு இதில் சம்பந்தமில்லை. சந்தேகப்பட இடம் உண்டு. கார்களை மாற்றி ஓட்டும் விதி அதைச் சரிசெய்துவிட்டது. இரண்டில் ஒன்று கொஞ்சம் நன்றாக ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நல்ல வண்டி ஒரு முறை இவருக்கு, ஒரு முறை அவருக்கு. நேரத்தைக் கூட்டும்போது வண்டியின் குறையும் நிறையும் இரு பக்கமும் கழிந்துபோகும். மிச்சம் நிற்பது ஓட்டியவரின் கை.

எத்தனை எளிமையான ஏற்பாடு! இதைவிடச் சுத்தமான ஒரு சோதனையைப் பந்தய உலகில் நான் பார்த்ததில்லை.

இனி வண்டியைப் பார்ப்போம். ரைலி 1.5 என்பது 1957 இறுதியில் வந்த, மோரிஸ் மைனரின் அடித்தளத்தில் கட்டிய சின்ன சலூன். முன்னால் டார்ஷன் பார், பின்னால் லீஃப் ஸ்பிரிங், ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங், பின்சக்கர ஓட்டம். எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் கீழே. குதிரைத்திறன் எழுபதை எட்டாது. இன்ஜின், பி.எம்.சி.யின் பி-சீரிஸ் எனப்படும் 1,489 சிசி, நான்கு சிலிண்டர், தலைக்கு மேல் வால்வு, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்.

1,489 சிசி என்றதும் நம் ஊர் ஷெட்டுகளில் வேலை பார்த்தவர்களுக்கு மண்டையில் மணி அடித்திருக்கும். அம்பாசடரில் பல ஆண்டுகள் இருந்த பெட்ரோல் இன்ஜின் இதே பி-சீரிஸ் 1,489 சிசிதான். அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். அதிலும் டார்ஷன் பார், லீஃப் ஸ்பிரிங், ரேக் அண்டு பினியன், பின்சக்கர ஓட்டம். ரைலி அதைவிடச் சின்னது, எடை குறைந்தது, ஒரு கார்புரேட்டர் கூடுதல். ஆனால் சமையல் ஒன்றே. பிரிட்டனின் முதல் சலூன் கார் சாம்பியனைத் தீர்மானித்த இன்ஜினுக்கு நெருங்கிய உறவு, மஞ்சள் கூரை போட்ட டாக்சிகளிலும் வெள்ளை நிற அரசாங்க வண்டிகளிலும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டுக் குடும்பம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இரண்டாம் கியரில் முனகி ஏறியதும் அதுதான்.

இது வெறும் தகவலுக்காகச் சொல்லவில்லை. அம்பாசடரை மழையில் ஓட்டிப் பழகியவருக்கு, அந்த ரைலியில் சியர்ஸும் சாப்வித்தும் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று உடம்பால் தெரியும். டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது. இரண்டாவது மிதிக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஆக்சிலரேட்டரைச் சற்று அவசரமாக மிதித்தால் பின்பக்கம் வழுக்கும். டயர், நம் டயர் கடைகளில் நைலான் டயர் என்று சொல்லும் கிராஸ்-பிளை வகை. இன்றைய ரேடியலோடு ஒப்பிட்டால் ஈரத் தார்ச் சாலையில் அதற்குப் பிடிமானம் மிகக் குறைவு. ஆனால் அது பிடியை விடும்போது சொல்லிவிட்டுத்தான் விடும். ஸ்டீயரிங் லேசாகும், இருக்கைக்கு அடியில் வண்டி நழுவுவது தெரியும். அந்த அரை நொடி எச்சரிக்கையைக் கேட்டுப் பதில் சொல்லத் தெரிந்தவரே அன்றைய நல்ல ஓட்டுநர்.

பத்துச் சுற்று

அப்போது பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தின் நீளம் 1.24 மைல், அதாவது சுமார் 2 கிலோமீட்டர். காட்டுக்குள் போகும் நீண்ட தடம் 1960-ல்தான் வந்தது. 1958-ல் இருந்தது, பார்வையாளர் மேட்டில் நின்றால் ஏறக்குறைய முழுவதும் கண்ணில் படும் ஒரு சிறு கிண்ணம்.

தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் பேடக் ஹில் வளைவு. வலப்பக்கம் திரும்பும்போதே தரை கீழே சரியும். வளைவின் உச்சிக்கு வரும்வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்த பிறகு திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. கீழே இறங்கிய வேகத்தில் அப்படியே மேடேறி ட்ரூயிட்ஸ் என்ற கொண்டையூசி வளைவு. குறைந்த சக்தியுள்ள காருக்கு இங்கே ஒரு பாடம் உண்டு: பேடக் ஹில்லில் பயந்து வேகத்தைக் குறைத்தவருக்கு மேட்டில் ஏற வேகம் இருக்காது. எழுபது குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜின் இழந்த வேகத்தைத் திருப்பித் தராது. ஜாகுவாரில் ஒரு தப்புச் செய்தால் 210 குதிரைத்திறன் அதை மூடிவிடும். ரைலியில் செய்த தப்பு அந்தச் சுற்று முடியும்வரை கூடவே வரும்.

சியர்ஸுக்கு அது கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம். பருவம் முழுக்க அவர் ஓட்டியது தன்னைவிட வேகமான கார்களுக்கு நடுவே, டிரம் பிரேக்கோடு சாயும் ஒரு கனத்த ஆஸ்டினை. வேகத்தைச் சேமித்து, பிரேக்கைச் சிக்கனமாக மிதித்து, வளைவுக்கு வளைவு ஓட்டத்தை விடாமல் கொண்டுபோவது அவருக்கு அன்றாட வேலை. சாப்வித்துக்கும் திறமை குறைவில்லை. முடிவு எத்தனை நெருக்கமாக வந்தது என்பதே அதற்குச் சாட்சி.

1.6 விநாடி எவ்வளவு? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த நேரத்தில் சுமார் 35 மீட்டர் நகரும். ரைலியின் நீளத்தில் ஒன்பது வண்டி. இருபது கிலோமீட்டர் மழையில் ஓட்டிய பிறகு ஒன்பது வண்டி தூரம். ஒரு வளைவில் ஒரு முறை பின்பக்கம் நழுவி, அதைச் சரிசெய்யக் காலை எடுத்தால் போய்விடக்கூடிய நேரம்.

தெருவும் தடமும்

அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது பொன்னிறப் பூச்சுப் பூசுவது சுலபம். அதே 1958 அக்டோபரில் மைக் ஹாதார்ன் பிரிட்டனின் முதல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் ஆனார். அவரும் சலூன் பந்தயங்களில் ஜாகுவார் 3.4 ஓட்டியவர். பட்டம் வென்ற கையோடு ஓய்வு பெற்றார். 1959 ஜனவரி 22 அன்று கில்ஃபோர்டு புறவழிச் சாலையில், ஈரத்தில், தன் சொந்த ஜாகுவார் 3.4-ஐ ஓட்டிப்போகும்போது விபத்தில் இறந்தார். வயது 29. தடத்தின் காரும் தெருவின் காரும் ஒன்றாக இருந்ததற்கு இந்தப் பக்கமும் உண்டு. சீட் பெல்ட் பழக்கத்தில் இல்லை. மோதினால் நசுங்கி உள்ளிருப்பவரைக் காக்கும் அமைப்பு இல்லை. ஸ்டீயரிங் தண்டு நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். பழைய காரை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். நேசத்துக்கு அதனால் குறைவு வராது.

பெரிய வண்டிகளும் பெரிய பணமும்

1958-க்குப் பிறகு சாப்வித் ஸ்டீயரிங்கை விட்டு அணி நடத்துவதில் இறங்கினார். விசைப்படகுப் பந்தயத்திலும் பெயர் எடுத்தார். 1961-ல் முதன்முதலாக நடந்த கௌஸ்–டார்கீ கடல் பந்தயத்தை வென்றவர் அவர்தான். 2019-ல் காலமானார்.

சலூன் பந்தயத்தில் சில ஆண்டுகள் ஜாகுவார்களின் ராஜ்ஜியம். 1961 மே மாதம் சில்வர்ஸ்டோனுக்கு அமெரிக்க வீரர் டான் கர்னி ஒரு ஷெவர்லே இம்பாலாவைக் கொண்டுவந்து, அத்தனை ஜாகுவார்களையும் பின்னால் விட்டுவிட்டு முன்னணியில் ஓடினார். சக்கரம் உடைந்து ஓட்டம் நின்றது. ஆனால் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. 1963 மே மாதம் அதே சில்வர்ஸ்டோனில் ஏழு லிட்டர் ஃபோர்டு கேலக்ஸி ஒன்று வந்து ஜாகுவார்களைத் தோற்கடித்தது. ஓட்டியவர் ஜாக் சியர்ஸ்! ஒன்றரை லிட்டர் ரைலியில் பட்டம் வாங்கிய மனிதர், ஐந்து ஆண்டு கழித்துக் கப்பல் மாதிரி ஒரு அமெரிக்க வண்டியை வளைவுகளில் வழுக்கவிட்டு வென்றார். அந்த ஆண்டு கேலக்ஸியோடு கார்ட்டினாவும் ஓட்டி இரண்டாவது முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். மறு ஆண்டு லோட்டஸ் கார்ட்டினாவில் பட்டம் வென்றவர் ஜிம் கிளார்க். ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் ஒருவர், கடைத்தெருவுக்குப் போகும் வண்டி போலிருக்கும் ஒரு காரின் முன்சக்கரத்தைக் காற்றில் தூக்கியபடி வளைவுகளில் பறப்பதைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள்.

லோட்டஸ் கார்ட்டினாவோடு ஒரு மாற்றமும் வந்தது. பந்தயத்துக்கு என்றே ஒரு காரை வடிவமைத்து, விதிக்காக ஆயிரம் வண்டி செய்து ஷோரூமில் விற்பது என்ற வழக்கம் வலுப்பட்டது. முன்பு குடும்பக் காரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது பந்தயக் காரைக் குடும்பத்துக்கு விற்றார்கள். சியர்ஸ் 1965-ல் சில்வர்ஸ்டோனில் லோட்டஸ் காரைச் சோதித்தபோது நடந்த கடும் விபத்துக்குப் பின் பந்தயத்தை விட்டார். 2016-ல் தன் 86-வது வயதில் இறந்தார். சாம்பியன்ஷிப் 1987-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் என்று பெயர் மாறியது. 1991-ல் எல்லாருக்கும் ஒரே இரண்டு லிட்டர் பிரிவு என்று ஆனதும், சின்ன வண்டி பட்டம் வாங்கும் வாய்ப்பு முடிந்தது. இப்போது அந்தத் தொடரில் ஜாக் சியர்ஸ் பெயரில் ஒரு கோப்பை உண்டு. நல்ல மரியாதைதான். ஆனால் அவர் வென்ற விதத்துக்கு அந்தத் தொடரில் இடமில்லை.

குட்வுட்டில் மிஞ்சியது

அந்த விதம் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் குட்வுட். தென் இங்கிலாந்தில் சிச்செஸ்டர் அருகே, உலகப் போர்க்கால விமானத் தளத்தின் சுற்றுப்பாதையே பந்தயத் தடமாகி 1948 செப்டம்பர் 18 அன்று திறக்கப்பட்டது. (போர் முடிந்து சும்மா கிடந்த ஓடுதளங்கள்தான் பல ஊர்களில் பந்தயத்துக்குத் தொட்டில். சில்வர்ஸ்டோன் அப்படி வந்தது, சியர்ஸின் நார்ஃபோக்கில் இருக்கும் ஸ்னெட்டர்டன் அப்படி வந்தது, நம் சோழவரமும் அப்படித்தான்.) கார்களின் வேகம் தடத்துக்குப் பொறுக்காது என்று 1966-ல் குட்வுட்டில் பந்தயம் நிறுத்தப்பட்டது. திறந்த நாளுக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1998 செப்டம்பர் 18 அன்று, நிறுவியவரின் பேரன் அதைத் திரும்பத் திறந்தார். குட்வுட் ரிவைவல் எனப்படும் அந்த விழாவில் 1948-க்கும் 1966-க்கும் இடைப்பட்ட காலத்து வகைக் கார்கள்தான் ஓடும். பார்க்க வருபவர்களும் அந்தக் காலத்து உடையில் வருவார்கள்.

அதில் சலூன்களுக்கான பந்தயம் செயின்ட் மேரிஸ் கோப்பை. அதன் விதியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இரண்டு பகுதி. ஒன்றில் புகழ்பெற்ற பந்தய வீரர்கள் ஓட்டுவார்கள். மற்றதில் அதே கார்களை உரிமையாளர்கள் ஓட்டுவார்கள். இரண்டின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்வார்கள். அன்று இரண்டு பேர் கார்களை மாற்றிக்கொண்டார்கள். இங்கே ஒரே காரில் ஆள் மாறுகிறார். கூட்டல் அதே கூட்டல்.

லாவன்ட் நேர்ச்சாலையில் கேலக்ஸி தன் ஏழு லிட்டரைத் திறந்துவிட்டு மினியை ஊதித் தள்ளிவிட்டுப் போகும். உட்கோட் வளைவுக்கு முன்னால் அந்தக் கனத்தை நிறுத்த அது தடுமாறும்போது, மினி பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் உள்பக்கமாக நுழைந்து பின் பம்பரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றில் மறுபடி அதே கதை. தொலைவில் இருந்தே எது எந்தக் கார் என்று பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் முகம், அதனதன் சத்தம், அதனதன் பலவீனம். ஜனங்களை அங்கே இழுப்பது இந்தப் பலவீனங்கள்தான் என்பேன். குறையே தெரியாத காரில் ஓட்டுநரின் வேலை வெளியே இருப்பவர் கண்ணுக்குப் படாது.

ஆனால் குறையும் சொல்ல வேண்டும். இன்று வரலாற்றுப் பந்தயங்களில் முன்னணியில் ஓடும் கார்கள் பல, தம் காலத்தில் ஓடியதைவிட வேகமாக ஓடுகின்றன. இன்றைய உலோகத்தில் கடைந்த பாகங்கள், கணினியில் கணக்கிட்ட கேம்ஷாஃப்ட், அறுபது ஆண்டு அனுபவத்தில் தேறிய ஷாக் அப்சார்பர் அமைப்பு. உலக மோட்டார் கூட்டமைப்பு வரலாற்றுக் கார்களுக்கென விதித்தொகுப்பும் தொழில்நுட்பக் கடவுச்சீட்டும் வைத்திருக்கிறது. ஆனாலும் விதிக்குள்ளேயே செலவுக்கு எல்லை இல்லை. பாடி ஷெல் புதிது, இன்ஜின் பிளாக் புதிது, பதிவெண் மட்டும் பழையது என்று ஒரு வண்டி வந்தால் அது எந்த ஆண்டுக் கார்? இதற்கு எளிதான பதில் கிடையாது. துருப்பிடித்த தகட்டை வெட்டி, டிங்கரிங் செய்து, இருக்கும் பாகத்தையே காப்பாற்ற மெனக்கெடுகிறவர் பின்வரிசையில் ஓடுகிறார். எல்லாவற்றையும் புதிதாகச் செய்து போடப் பணம் உள்ளவர் முன்வரிசையில் ஓடுகிறார். 1958-ல் இரண்டு ரைலிகளைக் கொண்டுவந்து கழித்துக்கட்டிய அதே விஷயம், பணத்தின் பலம், பின்வாசல் வழியாகத் திரும்ப வந்திருக்கிறது.

இதற்கு மருந்தும் அந்தப் பழைய நிகழ்விலேயே இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு எழுதினேன். கார்களை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 'பந்தயம் முடிந்ததும் இதே வண்டியை உன் எதிராளி ஓட்டுவான்' என்று தெரிந்தால் யாரும் தன் வண்டிக்குள் மறைத்துப் பணம் கொட்டமாட்டார்கள்.

நம் பழைய கார் சங்கங்கள் ஊர்வலமும் கண்காட்சியும் சிறப்பாகவே நடத்துகின்றன. பளபளப்பாகத் துடைத்த வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். அவர்கள் ஒரு முறை இதையும் செய்து பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 1,489 சிசி அம்பாசடர் இரண்டு. ஒரே டயர், ஒரே காற்றழுத்தம், பானெட்டுக்கு சீல், ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட்டும் பெல்ட்டும். எந்த வண்டி யாருக்கு முதலில் என்று சீட்டுக் குலுக்கல். ஐந்து சுற்று, மாற்றிக்கொண்டு இன்னொரு ஐந்து சுற்று. ஸ்டாப்வாட்ச் போதும். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அதன் இன்ஜினை இறக்கி ஏற்றத் தெரிந்த மேஸ்திரிகள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், பாகமும் கிடைக்கிறது. செய்வதானால் இப்போதே செய்துவிடலாம்.